அண்ணாச்சி சைக்கிளும் ஒரு அட்டைப்பெட்டியும்

பழைய மவுண்டன் பைக் வச்சிருக்கறவங்ககிட்ட பேச்சுக் குடுத்தீங்கன்னா ரெண்டு கட்சி இருக்கறது அஞ்சே நிமிஷத்துல தெரிஞ்சிடும். முதல் கட்சிக்கு, வண்டி கடையிலேர்ந்து எந்தச் சாமானோட வந்துச்சோ அதே சாமானோடதான் ஓடணும். ஒரு திருகாணியை மாத்தினாலும் மகாபாவம். ரெண்டாவது கட்சிக்குப் பழசுன்னாலே ஆகாது. பிரேமைத் தவிர எல்லாத்தையும் தூக்கிப் போடு, முடிஞ்சா பிரேமையும் சேத்துப் போடு. அடியேன் இந்த ரெண்டு கட்சியிலயும் உறுப்பினர் அட்டை வாங்கினதில்லை. ஆனா போன வருஷம் 1992-ல வாங்கின ஒரு சைக்கிளுக்கு இன்னைக்குக் கடையில கிடைக்கிற சாமான்களை மாட்டிக் குடுத்தேன். எதை மாத்தலாம், எதைத் தொடவே கூடாதுன்னு அப்ப யோசிச்சதுதான் இது. (சைக்கிள்ல ஆர்வம் இல்லாதவங்களும் கொஞ்சம் பொறுமையாப் படிங்க. ஊர்ல வாடகை சைக்கிள் எடுத்துக் குரங்குப்பெடல் போட்டவங்கதானே நாமெல்லாம் :-))

வண்டி என்னோடது இல்லை, அண்ணாச்சியோடது. சொந்த அண்ணன் இல்லை, பாளையங்கோட்டைக்காரர். இங்க ஃப்ரீமான்ட்ல எங்களுக்கு ரெண்டு தெரு தள்ளி வீடு. 1992-ல கான்ட்ராக்ட் வேலைக்குக் கலிபோர்னியா வந்தவர். வந்த புதுசுல கார் ஓட்ட லைசென்ஸ் கிடையாது. முதல் ரெண்டு மாச சம்பளத்துல மிச்சம் பிடிச்சு வாங்கினது இந்தச் சைக்கிள். குபெர்டினோ ஆபீசுக்கு ஒண்ணரை வருஷம் இதுலதான் போய் வந்திருக்கார். அப்புறம் கார் வந்துச்சு, பிள்ளை வந்தான், வீடு வந்துச்சு. சைக்கிள் மட்டும் வீடு மாறும்போதெல்லாம் கூடவே வந்துச்சு. சனிக்கிழமை காலையில ஒரு மணி நேரம்ங்கறதை அவர் நிறுத்தினதே இல்லை, வலது முட்டி நிறுத்தச் சொல்ற வரைக்கும்.

முட்டி மாற்று அறுவை சிகிச்சை ஆகி ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. டாக்டர், "சைக்கிள் ஓட்டலாம், நல்லதுதான். ஆனா முட்டியை ரொம்ப மடக்கி மிதிக்காதீங்க, மேட்டுல எக்கி அழுத்தாதீங்க"ன்னுட்டார். அண்ணாச்சி வண்டியோட பழைய கியரும், நீளக் கிராங்கும், குனிஞ்சு பிடிக்கிற ஹேண்டில்பாரும் இந்த ரெண்டையும்தான் செய்யச் சொல்லும். ஒரு கடைக்கு எடுத்துட்டுப் போயிருக்கார். "சார், இதுக்கு மேல செலவு பண்ணாதீங்க, இது முடிஞ்சு போச்சு"ன்னு புது வண்டி விலைப்பட்டியலை நீட்டியிருக்காங்க. மதினி, மோட்டார் வச்ச எலெக்ட்ரிக் சைக்கிள் வாங்கிக் குடுக்கறேன்னாங்க. அதுல தப்பே இல்லை, ஊர்ல பாதிப் பேர் அதுலதான் மலையேறுறாங்க. ஆனா அண்ணாச்சி பிடி குடுக்கலை. வண்டியைத் தள்ளிக்கிட்டே எங்க வீட்டுக்கு வந்துட்டார்.

"ஏன்டே தம்பி, இவனுக்குப் புது சாமான் ஏறுமா?"

"ஏறும் அண்ணாச்சி. ஆனா பழசுல கைவைக்கறது உங்களுக்குச் சம்மதமா? நாளைக்கு வருத்தப்படக் கூடாது."

கால்சட்டையைச் சுருட்டி முட்டித் தழும்பைக் காட்டினார். "பழைய பிரேம்ல புது சாமான் மாட்டுனா ஓடுமா ஓடாதான்னு என்னையப் பாத்தே தெரிஞ்சுக்கிட வேண்டியதுதான? டாக்டர் செஞ்சாரு, நீ செய்ய மாட்டியா?"

அதுக்கு மேல பேச என்ன இருக்கு. தங்கமணி மட்டும், "அவர் கால் விஷயம், பாத்துச் செய்யுங்க"ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டாங்க. பிரேக் பிடிக்கலைன்னாலோ, மேட்டுல செயின் நழுவினாலோ, விழப்போறது அறுபத்தாறு வயசுல இரும்பு முட்டி வச்ச ஒரு மனுஷன். சும்மா பொழுதுபோக்குக்கு ஸ்பேனர் பிடிக்கிற எனக்கு அது கொஞ்சம் வயித்தைக் கலக்கத்தான் செஞ்சது.

முதல் கட்சிக்காரங்களுக்கு ஒரு விஷயம் சொல்லணும். மவுண்டன் பைக்னு ஒண்ணு பிறந்ததே பழைய சைக்கிள்ல புதுச் சாமானை மாட்டித்தான். 1970-கள்ல சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே இருக்கிற மாரின் பக்கத்துப் பசங்க 1930, 40-கள்ல வந்த ஷ்வின் மாதிரி குண்டு டயர் சைக்கிள்களைப் பழைய விலைக்கு வாங்கி மலையிலேர்ந்து இறக்குவாங்க. அதுக்கு ஒரே கியர். பெடலைப் பின்னாடி மிதிச்சாப் பிடிக்கிற பிரேக். ஃபேர்ஃபாக்ஸ் ஊர்ப்பக்கம் ஒரு மண்ரோடு, சுமார் மூணேகால் கிலோமீட்டர்ல 400 மீட்டர் இறக்கம். கீழ வந்து சேரும்போது பின்சக்கர ஹப்ல இருக்கிற கிரீஸ் காய்ஞ்சு புகையாப் போயிடும். ஒவ்வொரு தடவையும் கழட்டிப் புதுசா கிரீஸ் அடைக்கணும். அதனாலதான் அந்த ரோட்டுக்கே ரீபேக்னு பேரு. அங்க முதல் பந்தயம் 1976 அக்டோபர் 21-ல.

அதுக்கும் முன்னாடி ஒரு கதை உண்டு. 1974 டிசம்பர் 1-ஆம் தேதி மில் வேலியில ஒரு சைக்ளோகிராஸ் போட்டி. அதுக்குக் குபெர்டினோவிலேர்ந்து சில பசங்க வந்தாங்க. மாரோ டர்ட் கிளப்னு தங்களுக்குப் பேர் வச்சுக்கிட்டவங்க. அவங்க கொண்டு வந்த குண்டு டயர் கிழட்டு வண்டிகள்ல டீரெய்லர் கியர் இருந்துச்சு, ஹேண்டில்பார் மேல கட்டைவிரலால தள்ளுற லீவர் இருந்துச்சு, டிரம் பிரேக் இருந்துச்சு. மாரின் ஆளுங்க அதைப் பாத்தாங்க. கேரி ஃபிஷர் தன்னோட பழைய ஷ்வின்ல கியரும் டிரம் பிரேக்கும் மோட்டார் சைக்கிள் பிரேக் லீவரும் மாட்டினார். ஏறவும் முடிஞ்சது, இறங்கவும் முடிஞ்சது. 1977-ல ஜோ பிரீஸ் இதுக்குன்னே புது பிரேம் செஞ்சார். 1981-ல ஸ்பெஷலைஸ்டு கம்பெனி ஸ்டம்ப்ஜம்பர்னு ஒண்ணைப் பெரிய அளவுல விக்க ஆரம்பிச்சது. மீதி எல்லாருக்கும் தெரிஞ்ச கதை.

ஆக, 'பழசுல புதுசு மாட்டறது துரோகம்'னு யாராவது சொன்னா, அந்தத் துரோகத்துலதான் இந்த வண்டி வம்சமே பிறந்துச்சுன்னு சொல்லுங்க. அதுவும் அண்ணாச்சி வேலைக்குப் போன அதே குபெர்டினோவிலேர்ந்து. இதை அவர்கிட்ட சொன்னதும் தலைகால் புரியலை. "நம்ம ஊர்க்காரப் பயலுவதான் ஆரம்பிச்சு வச்சிருக்கானுவ"ன்னார். குபெர்டினோ எப்ப நம்ம ஊர் ஆச்சுன்னு நான் கேக்கலை.

ஆனா முதல் கட்சியில ஒரு நியாயமும் இருக்கு. ஜோ பிரீஸ் முதல்ல செஞ்சது பத்தே வண்டி. அதுல ஒண்ணு உங்க வீட்டுப் பரண்ல இருந்துச்சுன்னா தயவு செஞ்சு ஸ்பேனரைக் கீழ வச்சிடுங்க. அண்ணாச்சி வண்டி அப்படி அபூர்வம் இல்லை. இருந்தாலும் முப்பத்து மூணு வருஷம் ஒருத்தர் கூடவே இருந்த பொருள். அதனால எனக்கு நானே மூணு சட்டம் போட்டுக்கிட்டேன். பிரேமை வெட்டக் கூடாது. துளை போடக் கூடாது. பிடிச்சு இழுத்து அகட்டக் கூடாது. கழட்டின ஒவ்வொரு சாமானும் துடைச்சு, சீட்டு எழுதி ஒட்டி, ஒரு அட்டைப்பெட்டிக்குள்ள போகணும். என்னைக்காவது யாராவது நினைச்சா ஒரே ஞாயித்துக்கிழமையில வண்டியை 1992-க்குத் திருப்பிக் கொண்டு போயிடணும்.

சாமான் வாங்கறதுக்கு முன்னாடி ஒரு சனிக்கிழமை பூரா அளவெடுக்கறதுலயே போச்சு. இந்த வேலையில பாதி அளவெடுக்கறதுதான். அந்தக் காலத்து வண்டிகள் ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது. ஃபோர்க் தண்டு மட்டுமே அப்ப மூணு தடிமன்ல வந்துச்சு: ஒரு இஞ்ச், ஒண்ணே கால் அரைக்கால்னு சொல்லாம மி.மீ.யிலயே சொல்றேன், 25.4, 28.6, 31.8. அண்ணாச்சியோடது நடு அளவு. பின் சக்கரம் உக்காருற இடைவெளி 135 மி.மீ. இது 126-ஓ 130-ஓ இருந்திருந்தா இன்னைக்கு வர்ற சக்கரம் நேரா உள்ள போயிருக்காது. சீட் பில்லர் 27.2. பிரேக் மாட்டுற குமிழ் ரெண்டும் சரியான இடத்துல இருந்துச்சு. 1980-கள் நடுவுல வந்த சில வண்டிகள்ல பின் பிரேக்கை அடியில, கிராங்குக்குப் பின்னாடி வச்சிருப்பாங்க. குமிழும் வேற இடத்துல இருக்கும். அதுல இன்றைய பிரேக் உக்காராது.

முதல்ல ஹேண்டில்பார். அந்தக் காலத்து ஸ்டெம் நீளமா முன்னாடி நீட்டிக்கிட்டு இருக்கும். இதுல 135 மி.மீ. பாரோ ஒல்லியா, நேரா, தோள் அகலம் கூட இருக்காது. பந்தயக்காரனுக்கு அது சரி. அறுபத்தாறு வயசு முதுகுக்கு அது தண்டனை. பழைய ஸ்டெம் ஃபோர்க் தண்டுக்குள்ள இறங்கி இறுக்கற வகை. இன்னைக்கு வர்றதெல்லாம் தண்டுக்கு வெளிய கவ்வற வகை. நடுவுல ஒரு அடாப்டர் கிடைக்குது. கீழ்ப்பாதி பழசு மாதிரி உள்ள இறங்கும், மேல்பாதியில புது ஸ்டெம் கவ்விக்கும். அதுல இவ்வளவு ஆழம் இறங்கியே ஆகணும்னு ஒரு கோடு போட்டிருப்பாங்க. உயரம் வேணும்னு அந்தக் கோட்டுக்கு மேல இழுத்தா உயிருக்கே ஆபத்து. 70 மி.மீ. ஸ்டெம், கொஞ்சம் பின்னாடி வளைஞ்ச அகலமான பார். இப்ப ரொம்ப அகலமான பாரும் ரொம்பக் குட்டி ஸ்டெம்மும்தான் நாகரிகம். அதை அப்படியே இதுல போட்டா மார்புல இடிக்கிற மாதிரி ஆயிடும், பழைய பிரேம் நீளம் கம்மி. நடுவாந்திரமா வச்சதுல அண்ணாச்சி நிமிந்து உக்காந்தார்.

அடுத்து பிரேக். இருந்தது கேன்டிலீவர். ரெண்டு கை, நடுவுல ஒரு கம்பி, மேலேர்ந்து தூக்கிப் பிடிக்கிற வகை. சரியா வச்சா நல்லாப் பிடிக்கும், சரியா வைக்கறதுக்குள்ள ஆயுசு போயிடும். 1996-ல ஷிமானோ கொண்டு வந்த வி-பிரேக் அதே குமிழ்ல அப்படியே உக்காரும். கம்மி பலத்துல நல்லாப் பிடிக்கும். ஆனா ஒரு பொறி இருக்கு. வி-பிரேக்குக்குக் கம்பியை அதிக தூரம் இழுக்கணும். பழைய லீவர் அவ்வளவு தூரம் இழுக்காது. கட்டை ரிம்ல போய் ஒட்டறதுக்குள்ள லீவர் ஹேண்டில்பாரைத் தொட்டுடும். அதனால பிரேக் மாத்தினா லீவரையும் சேத்தே மாத்தணும், இதுல கஞ்சத்தனம் கூடாது. கைப்பக்கம் பாரோட தடிமன் அன்னைக்கும் 22.2 மி.மீ., இன்னைக்கும் 22.2 மி.மீ. லீவர் வாங்க யோசிக்கவே வேண்டியதில்லை.

இப்ப கியர். இங்கதான் எங்களுக்குள்ள சண்டை வந்துச்சு.

வண்டியில முன்னால 46, 36, 26 பல். பின்னால ஏழு சக்கரம், பெரிசு 30 பல். ரொம்ப லேசான கியர்ல, அதாவது முன்னால 26 பின்னால 30-ல, பெடலை ஒரு சுத்து சுத்தினா வண்டி சுமார் 1.8 மீட்டர் போகும். மேட்டுல முட்டிக்கு அது கனம். இன்னைய நாகரிகம் முன்னால ஒரே பல்சக்கரம், பின்னால சாப்பாட்டுத் தட்டு சைஸ்ல ஒண்ணு. 2012-ல ஸ்ராம் கம்பெனி எக்ஸ்எக்ஸ்1 கொண்டு வந்ததுக்கப்புறம் எல்லாரும் அந்தப் பக்கம் சாஞ்சாச்சு. நானும் அதையே சொன்னேன். "முன்னால லீவரே வேண்டாம் அண்ணாச்சி, பின்னால ஒண்ணு போதும். புது லீவர் ரெண்டு விரல்ல சொடுக்குனா மாறும்."

அண்ணாச்சி மூஞ்சி மாறிடுச்சு. "எதை வேணும்னாலும் கழட்டு. இந்த ரெண்டு லீவரை மட்டும் தொடப்படாது."

பார் மேல உக்காந்திருக்கிற, கட்டைவிரலால தள்ளுற லீவர். மேல்ப்பூச்செல்லாம் அவர் விரல் பட்டே தேய்ஞ்சு வெள்ளி மாதிரி மின்னுது. ஒண்ணரை வருஷம், இருட்டுல, மழையில, தெரியாத ஊர்ல அவர் பிடிச்சுக்கிட்டுப் போனது அது. காரணம் கேட்டா சொல்லத் தெரியலை. "அது எனக்குத் தெரியும்டே. பாக்காமலே தெரியும்"னார். அவ்வளவுதான்.

முதல்ல இது வீம்புன்னு பட்டுச்சு. ராத்திரி கேரேஜ்ல உக்காந்து அந்த லீவரைத் தள்ளிப் பாத்துக்கிட்டே இருந்தப்பதான் உறைச்சது, வண்டியிலயே எந்தப் புதுச் சாமானோடயும் ஒத்துப்போற பழைய சாமான் அது ஒண்ணுதான். அதுல ஒரு வளையம் இருக்கு. ஒரு பக்கம் திருப்பினா 'கிளிக் கிளிக்'னு ஏழு படி. இன்னொரு பக்கம் திருப்பினா படியே கிடையாது, நீங்க எங்க நிறுத்துறீங்களோ அங்க நிக்கும். படி இருக்கிற லீவருக்கு ஏழு சக்கரம் மட்டும்தான் தெரியும். படி இல்லாத லீவருக்கு எட்டும் ஒண்ணுதான், ஒம்பதும் ஒண்ணுதான். அது இழுக்கிற கம்பி நீளம் போதுமான்னு மட்டும் பாத்தாப் போதும். ஷிமானோ ஏழு சக்கர லீவர் ஒரு படிக்கு 2.9 மி.மீ. கம்பி இழுக்கும், ஆறு தாவலுக்கு 17.4. ஒம்பது சக்கரத்துக்கு ஒரு தாவலுக்கு 2.5, எட்டுத் தாவலுக்கு 20. படியில்லாத நிலையில இந்த லீவரைக் கடைசி வரைக்கும் தள்ளி அளந்தேன். 20-ஐத் தாண்டிப் போச்சு. எனக்கு வந்த சந்தோஷத்துல தங்கமணியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "சரி, தூங்குங்க"ன்னாங்க.

அதனால நாகரிகத்தை விட்டுட்டு அண்ணாச்சி வழிக்கே வந்துட்டேன். பின்னால ஒம்பது சக்கரம், 11 பல்லுலேர்ந்து 36 வரைக்கும். முன்னால ரெண்டு, 36-ம் 22-ம். ரெண்டு லீவருக்கும் வேலை உண்டு. பழைய முன் டீரெய்லரே போதும். பின்னால மட்டும் 36 பல்லைத் தாண்டுற புது டீரெய்லர். அதை மாட்டற காது லேசா உள்ள வளைஞ்சிருந்துச்சு, நிமித்தினேன். அது கோணலா இருந்தா எவ்வளவு காசு குடுத்து வாங்கின டீரெய்லரும் தாளம் போடாது. இப்ப லேசான கியர் 22-க்கு 36. ஒரு சுத்துக்குச் சுமார் 1.27 மீட்டர். பழசுல பாரம் பத்துன்னா இப்ப ஏழு. மெதுவாப் போகும், ஆனா போகும்.

பின் சக்கரம் மட்டும் புதுசு வாங்க வேண்டி வந்துச்சு. ஏழு சக்கரத்துக்கான ஃப்ரீஹப் குட்டை, ஒம்பது அதுல ஏறாது. எட்டு, ஒம்பது, பத்து சக்கரம் எல்லாத்துக்கும் ஒரே நீள ஃப்ரீஹப்தான். 135 மி.மீ. இடைவெளியில, ரிம் பிரேக்குக்கான 26 இஞ்ச் சக்கரம் இன்னும் கிடைக்குது. வீதிவீதியாக் கிடைக்காது, தேடணும்.

கிராங்க் 175 மி.மீ. இருந்ததை 165 ஆக்கினேன். பத்து மி.மீ.தானேன்னு தோணும். கிராங்க் பத்து குறைஞ்சா கீழ்ப்புள்ளி பத்து மேல வரும், அதனால சீட்டைப் பத்து ஏத்தலாம். மேல்புள்ளி பத்து கீழ இறங்கும். ஆக, முட்டி ரொம்ப மடங்குற இடத்துல இருபது மி.மீ. தாராளம். டாக்டர் சொன்ன 'ரொம்ப மடக்காதீங்க'வுக்கு இதுதான் மருந்து. கிராங்க் அச்சு திருகுற மரை இன்னைக்கும் அதே பிஎஸ்ஏ மரை. இஞ்சுக்கு 24 புரி, வலது பக்கம் மட்டும் தலைகீழா இடப்புரி. பிஎஸ்ஏன்னா பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ், துப்பாக்கி செஞ்சுக்கிட்டிருந்த கம்பெனி. அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ் வண்டி மேல இருந்த அதே பிஎஸ்ஏ. அண்ணாச்சி காலேஜுக்கு ஓட்டினது பிஎஸ்ஏ எஸ்எல்ஆர். "அப்ப நம்ம கூடவே வந்திருக்கான்னு சொல்லு"ன்னார்.

கடைசியா சீட். பில்லர் முப்பது வருஷமா ஒரே இடத்துல இருந்து இறுகிப் போயிருந்துச்சு. இரும்புக் குழாய்க்குள்ள அலுமினியம், பிடிச்சுக்கிட்டா விடாது. எண்ணெய் ஊத்தி ஊத்தி ஒரு வாரம் காத்திருந்து திருகினதும் 'கிரீச்'னு ஒரு சத்தம் போட்டுக்கிட்டு வந்துச்சு. அந்த இடத்துல டிராப்பர் போஸ்ட். லீவரை அழுத்திக்கிட்டு உக்காந்தா சீட் கீழ இறங்கும், எந்திரிச்சு திரும்ப அழுத்தினா மேல வரும். மலையிலேர்ந்து பாய்ஞ்சு இறங்கற இளவட்டங்களுக்கு வந்த சாமான் இது. அண்ணாச்சிக்கு வேற உபயோகம். சிக்னல்ல நிக்கும்போது முட்டியை முறுக்காம காலை ஊனலாம். ஏறும்போதும் இறங்கும்போதும் காலை உயரத் தூக்க வேண்டியதில்லை. மொத்த வேலையிலயும் அவருக்கு அதிகமா உதவுறது இதுதான்னு நினைக்கிறேன்.

செய்யாத வேலைகளையும் சொல்லிடறேன். "முன்னால ஸ்பிரிங் ஃபோர்க் போடுங்க"ன்னு நிறைய பேர் சொன்னாங்க. இன்னைக்குக் கிடைக்கிற 100 மி.மீ. ஃபோர்க் இந்தப் பழைய ஃபோர்க்கை விட ஏழு, எட்டு சென்டிமீட்டர் உயரம். முன்பக்கம் இருபது மி.மீ. உயர்ந்தா சுமார் ஒரு டிகிரி சாயும். கணக்குப் போட்டா மூணரை, நாலு டிகிரி. ஸ்டீரிங் பொத்துப் பொத்துன்னு விழும், கிராங்கும் உயரும், கழுத்துக் குழாய்க்கும் பாரம். பழைய ஃபோர்க்கே இருக்கட்டும்னுட்டேன். டிஸ்க் பிரேக் மாட்ட அடாப்டர் விக்குது. ஆனா அந்த இழுவை முழுக்க அதுக்குன்னு செய்யாத ஒல்லிக் குழாய் மேல போகும். வேண்டாம். 27.5 இஞ்ச் சக்கரம் போட்டா ரிம் 12 மி.மீ. மேல போயிடும், பிரேக் கட்டை எட்டாது. பழைய ரிம்ல டியூப் இல்லாத டயர் போடவும் மனசு வரலை. டயரைக் கவ்வி நிறுத்தற விளிம்பு அதுல கிடையாது. அதனால ட்யூப், கொஞ்சம் குண்டான நல்ல டயர், கம்மிக் காத்து. அதிர்வுக்கு அதுவே பாதி ஸ்பிரிங் வேலை பாக்குது.

எல்லாம் சேத்து 650 டாலர் சொச்சம். கடைக்காரர் நீட்டின பட்டியல்ல இதுக்கு முன் சக்கரம்கூட வராது.

முதல் ஓட்டம் கயோட்டி ஹில்ஸ். வளைகுடா ஓரமாப் போற பாதை, சின்னச் சின்ன மேடு. நான் பின்னாலயே போனேன், முட்டியைப் பாத்துக்கிட்டே. முதல் மேடு வந்ததும் அண்ணாச்சி வலது கட்டைவிரல் போச்சு. லேசா 'கிரிக்'. கொஞ்சம் திருத்தினார், சத்தம் நின்னுச்சு. கீழ குனிஞ்சு பாக்கவே இல்லை. நடக்கறவங்ககூட எங்களைத் தாண்டிப் போற வேகம்தான். மேல போய் நிறுத்தி, சீட்டை இறக்கி, காலை ஊனி, ஒண்ணும் பேசாம தண்ணியைப் பாத்துக்கிட்டு நின்னார். நானும் ஒண்ணும் கேக்கலை. கொஞ்ச நேரம் கழிச்சு மதினிக்கு ஃபோன் போட்டு, "மேல வந்துட்டேன்"னார். அவ்வளவுதான் சொன்னார். அந்தப் பக்கம் என்ன சொன்னாங்களோ, கண்ணைத் துடைச்சுக்கிட்டார்.

இதெல்லாம் எப்படி நடந்துச்சுன்னு யோசிச்சா, என் கைத்திறமை ஒண்ணும் பெரிசு இல்லை. 1992-ல அந்த பிரேமைச் செஞ்சவன் ஊர் உலகத்துல எல்லாரும் வச்சிருந்த அளவையே வச்சான். எல்லாருக்கும் பொதுவான மரை, பொதுவான இடைவெளி, பொதுவான தடிமன். அதனாலதான் முப்பது வருஷம் கழிச்சு வேற எவனோ செஞ்ச சாமான் அதுல போய் அழகா உக்காருது. இன்னைக்கு வர்ற விலை உயர்ந்த வண்டிகளைப் பாத்தா கொஞ்சம் கவலையா இருக்கு. ஸ்ராம் 2012-ல தனக்குன்னு ஒரு ஃப்ரீஹப் கொண்டு வந்துச்சு. ஷிமானோ 2018-ல தனக்குன்னு ஒண்ணு. பின் இடைவெளி 148 ஆச்சு. 2023-ல வந்த ஸ்ராமோட புது டீரெய்லர் காதே இல்லாம நேரா பிரேம்லயே போய் உக்காருது. ஒவ்வொண்ணும் ஓட்டும்போது நல்லாத்தான் இருக்கு, மறுக்கலை. ஆனா 2055-ல ஒருத்தன் தன்னோட பழைய வண்டியைத் தள்ளிக்கிட்டு வந்து "இவனுக்குப் புது சாமான் ஏறுமா"ன்னு கேட்டா, அப்ப இருக்கிறவன் என்ன பதில் சொல்லுவான்?

அண்ணாச்சி கேரேஜ் பரண்ல அந்த அட்டைப்பெட்டி இருக்கு. 175 கிராங்க், நீள ஸ்டெம், கேன்டிலீவர் பிரேக், பின் சக்கரம் தனியா ஒரு சாக்குல. ஒவ்வொண்ணுலயும் நான் ஒட்டின சீட்டு. பெட்டி மேல அவரே மார்க்கர்ல 'பத்திரம்'னு எழுதி வச்சிருக்கார். யாருக்காக இவ்வளவு பத்திரம்னு கேட்டேன்.

"பேரன் பெரியாளானா ஓட்ட மாட்டானா? அவன் முட்டி நல்லாத்தானடே இருக்கும். பழசையே மாட்டிக்கிடட்டும்."